சாமி கம்பியும் மாசிலாமணியின் தகடும்

வண்டிக்கு அடியில் படுக்கத் தயங்குகிறவர்கள் இதை இத்தோடு மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், தம்பிகளே. போன பந்தயத்தில் நீங்கள் வண்டிகளைப் பரிசோதிப்பதை வேடிக்கை பார்க்க வந்திருந்தேன். உங்களில் ஒருவர் வண்டிக்குப் பக்கத்தில் குந்தினார், கைபேசி வெளிச்சத்தை உள்ளே காட்டினார், கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார், 'சரி' என்று ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். சட்டையில் ஒரு பொட்டு மண் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன். மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் ஆட்டோகிராஸ் பந்தயங்களில் செய்தேன். என் மனைவி கிரேஸ் ஆவடியில் தனியாக ஆராதனைக்குப் போவாள். "உங்க வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்பவர்களுக்கெல்லாம் "வண்டிக்கு அடியில" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உங்களுக்கு இருக்கிற மாதிரி திடல் எல்லாம் எங்களுக்கு இல்லை. ஏரி வறண்டால் அதுதான் திடல். பாரிவாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி. கோடையில் தண்ணீர் வற்றியதும் சுண்ணாம்பால் கோடு போட்டு, ரப்பர் கூம்புகளை வைத்து, ஒரு நேரத்துக்கு ஒரு வண்டியாக விரட்டுவோம். கூம்புகளை இடிக்காமல் வளைந்து நெளிந்து யார் சீக்கிரம் வருகிறானோ அவன் ஜெயித்தவன். வந்த வண்டிகளில் பாதி, மறுநாள் காலையில் ஆபீசுக்கோ சவாரிக்கோ போயாக வேண்டிய வண்டிகள்.

இரண்டே வகுப்பு வைத்திருந்தோம். ஸ்டாண்டர்ட் வகுப்பில் வண்டி கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே இருக்க வேண்டும். எங்காவது இடித்து நசுங்கியிருந்தால் பழைய உருவத்துக்குக் கொண்டுவரலாம். அதற்கு மேல் பாடியைக் கெட்டியாக்குகிற எதையும் சேர்க்கக் கூடாது. மாடிஃபைட் வகுப்பில் அவனவன் இஷ்டத்துக்கு வெல்டு வைத்துக்கொள்ளலாம். எதற்கு இந்த வம்பு என்றால், வளைவில் வேகமாகத் திருப்பும்போது பாடியே கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். கால் ஆடுகிற கட்டிலில் தூக்கம் வராதது மாதிரி, பாடி முறுக்கிக்கொள்கிற வண்டியில் டயர் தரையை ஒழுங்காகப் பிடிக்காது. சரியான இடத்தில் ஒரு கம்பியோ ஒரு தகடோ போட்டுவிட்டால் அதே எஞ்சினோடு வண்டி வேறு வண்டியாகிவிடும். எஞ்சினில் கை வைத்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். தகடு வாயைத் திறக்காது. அதனால் எங்கள் ஆட்களின் திருட்டுத்தனம் எல்லாம் தகட்டில்தான் இருந்தது.

என்னென்ன கதை கேட்டிருக்கிறேன் தெரியுமா! சீட்டுக்குப் பின்னால் குறுக்குக் கம்பி போட்டிருப்பான். கேட்டால், குழந்தை பிடித்துக்கொள்ள என்பான். அவனுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. டிக்கியில் சட்டம் வைத்து வெல்டு அடித்திருப்பான். கேட்டால், கேஸ் சிலிண்டர் எடுத்துப் போகும்போது உருளாமல் இருக்க என்பான். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். "புத்தகத்துல விடை இல்லையா, ஆள் முகத்தைப் பார்" என்று சொல்லிக்கொடுத்தார். ரொம்ப காலம் முகத்தைப் பார்த்தேன். அழகாகப் பொய் சொல்லத் தெரிந்தவன் எல்லாம் ஸ்டாண்டர்டில் ஓட்டியதுதான் கண்ட பலன். அவர் சொன்னதில் உருப்படியானது ஒன்றே ஒன்று: பரிசோதனைக்கு முன்னால் டீ குடிக்காதே, அடியில் படுத்ததும் ஒன்றுக்கு முட்டும்.

நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அன்றைய முதல் தலைவலி மாங்காட்டுப் பன்னீர். ஹாலோ பிளாக் கல் போட்டு விற்கிறவர், வாட்டசாட்டமான ஆள். அப்போது ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த சின்னக் காரான எண்ணூறு ஒன்று புதிதாக வாங்கியிருந்தார். பானெட்டைத் திறந்தேன். முன் சக்கரங்கள் இரண்டின் ஸ்பிரிங் கூடுகளையும் இணைத்து ஒரு முரட்டுக் கம்பி, நான்கு போல்டு போட்டு முறுக்கியிருந்தது. கம்பி முழுக்க மஞ்சள், குங்குமம். நடுவில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த சரம்.

"இது என்னங்க?"

"சாமி கம்பி சார்."

"அப்படின்னா?"

"இன்னா சார் இப்டி கேக்கற? மாங்காட்டு அம்மன் கோயிலாண்ட வச்சி பூச போட்டுகினு வந்துகீறேன். அத்தக் கயட்டக் கூடாது, குத்தமாயிடும்."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் என் முகத்தையே பார்த்தார்கள். நானோ ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த கிறிஸ்தவன். அம்மன் கம்பியைக் கழற்றச் சொன்னான் என்று சாயங்காலத்துக்குள் மாங்காடு முழுக்கப் பேச்சு ஓடிவிடும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"அண்ணே, நானும் கையெடுத்துக் கும்பிடறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சாமி எலுமிச்சம்பழத்துல இருக்கா, கம்பியில இருக்கா?"

பன்னீர் என்னைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். கம்பியில் இருக்கிறது என்று சொல்ல அவருக்கே வாய் வரவில்லை. "எலுமிச்சம்பயத்துலதான் சார்."

"அப்ப பழத்தை பம்பர்ல கட்டிக்குங்க. கம்பி என்கிட்ட இருக்கட்டும். சாயங்காலம் மரியாதையா வாங்கிட்டுப் போங்க."

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்கோ" என்று முனகிக்கொண்டே கழற்றினார். கம்பி போன இடத்தில் அவர் டிரில் போட்ட நான்கு ஓட்டைகள் மட்டும் மிச்சம் இருந்தன. அவற்றைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குமரேசன். அம்பத்தூரில் லேத் ஓட்டிய பையன், பாரிவாக்கத்துக்காரன். அவனுடைய அக்கா புருஷன் ஆறுமுகம் பூந்தமல்லி ஸ்டாண்டில் டாக்சி வைத்திருந்தார். பழைய பத்மினி. வாரம் முழுக்க அது சவாரி போகும். பந்தயம் இருக்கிற ஞாயிறு மட்டும் மச்சானிடம் சாவியைக் கொடுப்பார், கொடுத்துவிட்டுக் கூடவே வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தக் கிழட்டு வண்டியை வைத்துக்கொண்டு குமரேசன் புது வண்டிக்காரர்களைத் திணற அடித்துக்கொண்டிருந்தான். கைகளில் அப்படி ஒரு நிதானம்.

அன்றைக்கு அவனுக்கு வேறொன்றும் இருந்தது. ஒரு கார் ரேலி அணிக்காரர்கள் இரண்டு பேர் வந்து குடை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டாண்டர்ட் வகுப்பில் முதல் இரண்டு இடங்களில் வருகிறவர்களைத் தங்கள் வண்டியில் உட்காரவைத்துச் சோதித்துப் பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் ஓட்டுநராகவே எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார்கள். லேத்திலிருந்து வெளியே வர அவனுக்கு இருந்த ஒரே கதவு அது. அவன் வாயால் சொல்லவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றதே சொல்லிவிட்டது.

அவனுடைய பத்மினியை நான் பார்க்கத் தொடங்கும் முன்பே ரமணன் வந்துவிட்டார். வேலப்பன்சாவடியில் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர், அதே வகுப்பில் ஓட்டுகிறவர். விதிகள் அத்தனையும் மனப்பாடம். சட்டம் படித்து வக்கீலாகப் போயிருந்தால் எங்கள் உயிரை வாங்காமல் இருந்திருப்பார்.

"சார், அந்த டாக்சி ஸ்டாண்டர்ட் இல்லை. அடியில வெல்டு இருக்கு. நான் புகார் கொடுக்கறேன்" என்றார்.

"எங்களாண்ட வெல்டு இல்லாத டாக்சி எங்க சார் கீது?" என்றார் ஆறுமுகம். நியாயமான கேள்வி. "போன மாசம் லாரிக்காரன் ஒருத்தன் இடது பக்கம் இடிச்சிட்டான். டிங்கரிங் பண்ணோம். அவ்ளோதான்."

குமரேசனைக் கேட்டேன். "எனக்கு வேற ஒண்ணும் தெரியாது சார்" என்றான். கண்ணைப் பார்த்துச் சொன்னான். நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். ஆள் பொய் சொல்லவில்லை என்பதும் வண்டி சரியாக இருக்கிறது என்பதும் வேறு வேறு விஷயம் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சாக்கை விரித்து அடியில் படுத்தேன். கதவுகளுக்குக் கீழே நீளமாகப் பெட்டி போல ஓடுகிற பகுதியைப் பட்டறையில் ரன்னிங் போர்டு என்பார்கள். இடது பக்கம் அதில் புதுத் தகடு. லாரி இடித்த பக்கம், சரி. டார்ச்சை வலது பக்கம் திருப்பினேன். அங்கேயும் அதே நீளத்தில், அதே கனத்தில் ஒரு தகடு, கோடு பிசகாமல் வெல்டு வைத்து, கறுப்புப் பெயிண்டு அடித்து அமைதியாக இருந்தது. லாரி இரண்டு பக்கமும் இடிக்கவில்லையே!

"வலது பக்கம் யார் தகடு போட்டது?" என்று அடியிலிருந்தே கத்தினேன்.

 கூட்டத்திலிருந்து ஒரு குரல் பெருமையாக வந்தது. "நான்தான் சார்!"

டிங்கர் மாசிலாமணி. திருமுல்லைவாயிலில் பட்டறை. தான் தட்டிக்கொடுத்த வண்டி ஓடுவதைப் பார்க்க வந்திருந்தார். யாரும் கேட்காமலே முன்னால் வந்து, குனிந்து என்னிடம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

"ஒரு பக்கம் மட்டும் போட்டா நல்லாவா இருக்கும், நைனா? புள்ள வேகமா ஓட்டுது. ஸ்ட்ராங்கா கெடக்கட்டும்னு நானா ரெண்டு பக்கமும் கட்டித் தகடா வச்சி அடிச்சிட்டேன். இன்னொரு லாரி இடிச்சாலும் லாரிதான் நசுங்கும்."

தம்பிகளே, நம் ஊர் டிங்கர்களை உங்களுக்குத் தெரியும். கதவு கைப்பிடியைச் சரிபண்ணக் கொடுத்தால் கதவையே கோட்டை வாசல் ஆக்கிக் கொடுப்பார்கள். 'ஸ்ட்ராங்கா கெடக்கட்டும்' என்பது அவர்கள் பாசத்தின் பெயர். அந்தப் பாசம்தான் அன்றைக்குக் குமரேசனை நட்டாற்றில் விட்டது. வலது பக்கத் தகடு பழுதுபார்த்தது ஆகாது, கெட்டியாக்கியது. ஓட்டியவனுக்குத் தெரியாது என்று விதியில் ஒரு விலக்கும் கிடையாது. அதைச் சொன்னதும் மேலே ரகளை ஆரம்பித்தது.

ரமணன் விதி எண்ணை உரக்கச் சொன்னார். ஆறுமுகம் மாசிலாமணியைத் திட்டினார். மாசிலாமணி, "ஒரு ஆக்சா பிளேடு குடுங்க, இப்பவே வெட்டி எடுத்துடறேன்" என்று பிளேடு தேட ஓடினார். பாதியில் அறுத்த பாடியோடு பந்தயமா! இன்னொருவர், "மாடிஃபைட்ல ஓட விட்டுடுங்க சார், முடிஞ்சிச்சி" என்றார். அங்கே ஓடினால் அவனுக்குக் கடைசி இடம்கூட நிச்சயமில்லை, ரேலிக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். பன்னீர் வேறு தன் பங்குக்கு, "எங்க அம்மன் கம்பியக் கயட்னீயே, அதான் இப்டி ஆவுது" என்றார். ஆளாளுக்கு நாட்டாமை. எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். நான் தேடியது கிடைத்துவிட்டது. வெளியே வர வேண்டியதுதான். வந்தால் எல்லோரும் என்னைப் பார்த்துக் கத்துவார்கள் என்கிற ஒரே காரணத்துக்காக இன்னும் கொஞ்ச நேரம் அடியிலேயே கிடந்தேன். அந்த ஏரியில் அன்றைக்கு அமைதியாக இருந்த ஒரே இடம் அதுதான். சும்மா கிடந்தவன் டார்ச்சை அங்கேயும் இங்கேயும் ஆட்டிக்கொண்டிருந்தேன். வலது பக்கத் தகடு முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் பின்னால், பின்சக்கரத்துப் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனையைத் தாங்குகிற பிராக்கெட். அதன் மேல் செம்மண் மெல்லிய கோடாகப் படிந்திருந்தது. கட்டை விரலால் துடைத்தேன். போய்விட்டது. ஆறுமுகத்தை பம்பர் மேல் ஒரு தரம் அழுத்தச் சொன்னேன். கோடு திரும்பவும் வந்தது, உள்ளேயிருந்து மண் கசிந்து.

மண் இல்லை அது. விரிசல்.

கிழிந்த லுங்கியில் கெட்டித் துணியை வைத்து ஒட்டுப்போட்டுப் பாருங்கள். ஒட்டு கிழியாது, ஒட்டுக்குப் பக்கத்தில் பழைய துணி கிழியும். முன்பெல்லாம் பாடி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கிக்கொண்டிருந்த முறுக்கை மாசிலாமணியின் இரும்புத் தகடு வாங்கிக்கொள்ள மறுத்து, அப்படியே தள்ளி, துருப்பிடித்த அந்தப் பிராக்கெட்டின் தலையில் கட்டிவிட்டது. ஏரித் திடலில் ஒரு வளைவில் அது விட்டுப்போனால் பின் அச்சு தனியாகத் திரும்பும். வண்டி உருளும்.

இப்போது கேள்வியே மாறிவிட்டது. ஸ்டாண்டர்டா மாடிஃபைடா என்பதெல்லாம் போச்சு. அந்த வண்டி எந்த வகுப்பிலும் ஓடக் கூடாது. வீட்டுக்கே ஓடக் கூடாது. ஆனால் இதை வெளியே வந்து சொன்னால் ஒருவரும் நம்பப் போவதில்லை, எனக்கு ஏதோ வன்மம் என்பார்கள். அதனால் ஆறுமுகத்தை மட்டும் உள்ளே கூப்பிட்டேன். வெள்ளை டாக்சி உடுப்போடு மண்ணில் படுத்து ஊர்ந்து வந்தார்.

"இது இன்னா சார், கோடு?"

"ஸ்குரூ டிரைவரை வச்சு அழுத்திப் பாருங்க."

அழுத்தினார். நுனி உள்ளே போனது. அவர் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"காத்தால ஏர்போர்ட் சவாரி கீது சார்" என்றார் மெதுவாக. "ஒரு குடும்பம். கைக்கொயந்தயோட."

 வெளியே போனார். குமரேசன் கையிலிருந்த சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மாமே, ஒரே ஒரு ரவுண்டு மாமே. அப்பால நீயே எடுத்துகினு போ. ஒரே ஒரு ரவுண்டு."

"ஒங்கக்காவுக்கு நா இன்னா பதில் சொல்றது, மச்சான்?"

குமரேசன் என் பக்கம் திரும்பினான். நான் எழுந்து முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"தகட்டத்தான தேட வந்த? தகடு கெடச்சிச்சி இல்ல? வெளிய வர வேண்டியதுதான? அடியிலயே கெடந்து வேற இன்னாத்தத் தேடின நீ?"

 உங்கள் சத்தம் தாங்காமல்தான் கிடந்தேன் என்று எப்படிச் சொல்ல? தொழிற்சாலையில் நான் நிராகரித்த உருப்படிகள் என்னை இப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை.  இந்த வேலையை அன்றோடு விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் பன்னீர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் மேல் காலையிலிருந்து இருந்த கடுப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

"சார், ஒரு நாயம் கேக்கறேன். காத்தால என் வண்டிய ரூலு படி ஆக்கிட்டல்ல?"

"ஆமா."

"இப்ப அது பக்கா ஸ்டாண்டர்ட்?"

"ஆமாங்க."

"ஒரே வண்டிய ரெண்டு பேரு ஓட்லாம்னு ரூலு கீதா இல்லியா?"

இருந்தது. முதல் வண்டி கிளம்புவதற்கு முன் சொல்லிவிட்டால் ஒரே வண்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு முறை என்று பகிர்ந்து ஓட்டலாம். நேரம் அவரவர் கணக்கில் சேரும். அன்றைக்கு இன்னும் ஒரு வண்டியும் கிளம்பவில்லை.

"அப்ப இந்தப் புள்ள என் வண்டிய ஓட்டட்டும்." சாவியை எடுத்துக் குமரேசன் கையில் திணித்தார். "இந்த சாரு என் கம்பியக் கயட்டுனதுக்கு யாருக்காவது ஒரு பிரயோசனம் ஆவட்டும்."

என்னை மட்டம் தட்டத்தான் செய்தார் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். செய்த காரியம் பெரியது. குமரேசன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இடிச்சிடாத, அண்ணாத்தே. இன்னும் லோனு கீது" என்றார் பன்னீர்.

பத்மினிக்குப் பின்சக்கரம் தள்ளும். எண்ணூறுக்கு முன்சக்கரம் இழுக்கும். பழகிய கை முதல் சுற்றில் பழைய மாதிரியே திருப்பியது. வண்டி நேராகப் போய் இரண்டு கூம்புகளை வாரிக்கொண்டு நின்றது. குடைக்குக் கீழே இருந்தவர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார். ஆளுக்கு இரண்டு சுற்று, சிறந்த நேரம்தான் கணக்கு. இரண்டாவது சுற்றுக்கு முன் குமரேசன் வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு கிளம்பினான். அந்தச் சுற்றை எனக்கு வர்ணிக்கத் தெரியவில்லை. டயர் கத்தவே இல்லை. பம்பரில் கட்டிய எலுமிச்சம்பழச் சரம் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. கொட்டாவி விட்டவர் எழுந்து நின்றார்.

இரண்டாம் இடம். முதல் இடம் ஒரு கல்லூரிப் பையனுக்கு. மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ரமணன்.

கைதட்டல் ஓய்வதற்குள் வந்துவிட்டார். "சார், பன்னீர் வண்டியில பானெட்டுக்கு அடியில நாலு ஓட்டை இருக்கு. கம்பெனி போட்ட ஓட்டை இல்லை. பாடியில மாற்றம். ஸ்டாண்டர்ட் இல்லை."

புத்தகத்தைப் பார்த்தால் அவர் சொன்னது சரி. கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே என்றால் ஓட்டையும் இருக்கக் கூடாதுதான். ஆனால் அந்த விதியை எதற்காக எழுதினார்கள்? பாடியைக் கெட்டியாக்கி ஒருவன் முந்திவிடக் கூடாது என்பதற்காக. தகட்டை நான் நிறுத்தியதும் அதே காரணத்துக்காகத்தான், ஓட்டையை விடப்போவதும் அதே காரணத்துக்காகத்தான். இதை எல்லாம் அழகாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொறுமை போய்விட்டிருந்தது.

"ரமணன் சார், ஓட்டை போட்டா வண்டி வேகமா ஓடும்னா சொல்லுங்க. உங்க வண்டி பூரா நானே டிரில் எடுத்துப் போட்டுத் தரேன். புகார் தள்ளுபடி."

ஏரியே சிரித்தது. ரமணன் மட்டும் சிரிக்கவில்லை. குமரேசனும் சிரிக்கவில்லை. ரேலிக்காரர்கள் அவனோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள். குமரேசன் என்னைக் கடந்துதான் போனான், பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆறுமுகம் ஆவடியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பத்மினியைக் கயிறு கட்டி மாசிலாமணி பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். "சுத்தியால ஒரு தட்டு தட்டுச்சி சார். பிராக்கெட்டு கையோட வந்துட்ச்சி." உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கிரேஸ் காபி கொண்டுவந்தாள், குடிக்கவில்லை. "எத்தினி பேர ஏத்திகினு போயிருக்கேன் அத்துல" என்றார். அதையே இன்னொரு தரம் சொன்னார். போய்விட்டார். அவரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. நடக்காமல் போன விபத்துக்கு யார் யாருக்கு நன்றி சொல்வது? இந்த வேலையில் அதை எதிர்பார்க்காதீர்கள், தம்பிகளே, உடம்புக்கு நல்லதல்ல. மாசிலாமணி மட்டும் புதுப் பிராக்கெட்டைக் கொஞ்சம் கனமாகவே செய்து வைத்தாராம். ஸ்ட்ராங்கா கெடக்கட்டும் என்று.

சோதனையில் குமரேசனை அணிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். லேத்தை விட்டான். அதற்குப் பிறகு எத்தனையோ பந்தயங்களில் நான் அவன் வண்டியைப் பார்த்திருக்கிறேன். வந்து நிறுத்துவான், இறங்கித் தள்ளி நிற்பான், நான் ஸ்டிக்கர் ஒட்டியதும் எடுத்துக்கொண்டு போவான். ஒரு வணக்கம் கிடையாது. ஒரு வார்த்தை கிடையாது. ஒரு பையனுக்கு இவ்வளவு வீம்பா என்று எனக்கும் எரிச்சல்தான். நானும் பேசவில்லை.

சில வருஷம் கழித்து நான் பரிசோதனையிலிருந்து ஓய்வு பெற்றேன். அதற்குப் பிந்திய கோடையில் கிரேஸின் தம்பி மகளுக்குக் கல்யாணம். பூந்தமல்லி வழியாகத்தான் சர்ச்சுக்குப் போக வேண்டும். அன்றைக்கென்று அங்கே ஒரு ரேலிக்குக் கொடியசைப்பு, சாலையில் கூட்டம், எங்கள் ஆட்டோ நகரவில்லை. பழக்க தோஷம், இறங்கி வேடிக்கை பார்க்கப் போனேன். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்டு, கிரேஸ் தேய்த்துக் கொடுத்தது.

வரிசையில் அணியின் வண்டியில் குமரேசன் உட்கார்ந்திருந்தான். இரண்டு இளம் பரிசோதகர்கள் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, "போகலாம்ணே" என்று கை காட்டினார்கள். கூட்டத்தில் நான் நிற்பதை அவன் பார்த்துவிட்டான். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. என்னிடம் பேசவும் இல்லை. அந்தப் பையன்களிடம்தான் பேசினான்.

"அவரு பாத்தாரா?"

"அவர் ரிட்டயர் ஆயிட்டார்ணே. நாங்க பாத்துட்டோம். எல்லாம் சரியா இருக்கு."

குமரேசன் எஞ்சினை அணைத்தான். "அவரு பாக்கட்டும். அப்பால எடுக்கறேன்."

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. ஏற்பாட்டாளர் ஒருவர் ஓடி வந்தார். அவன் இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டோவிலிருந்து கிரேஸ், "வேணாங்க, சட்டை!" என்று கூப்பிட்டாள்.

அந்தப் பையன்களில் ஒருவரிடம் டார்ச்சை வாங்கிக்கொண்டு தரையில் படுத்தேன். தார்ச் சாலை முதுகைச் சுட்டது. அடியில் எல்லாம் சரியாகவே இருந்தது. பையன்கள் ஒழுங்காகத்தான் பார்த்திருந்தார்கள். பிராக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டை விரலால் துடைத்துப் பார்த்துவிட்டேன், அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் உடனே வெளியே வரவில்லை. கண் ஈரம் காய்கிற வரைக்கும் அங்கேயே படுத்திருந்தேன்.